ஓர் அப்பாயியின் ஓட்டுக் கணக்கு: விளக்கவுரை

திருத்துறைப்பூண்டி பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போயே வயதேறிய ஒரு பெண், 2021 சட்டமன்றத் தேர்தலுக்குச் சில நாட்கள் இருக்கும்போது தன் பேரனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவுதான் இங்கே மூலம். பேரன் திருப்பூரில் பனியன் கம்பெனித் தொழிலாளி, நாம் தமிழர் கட்சியின் தீவிர ஆதரவாளன். “இந்தத் தடவ கரும்பு விவசாயிக்குப் போடுங்க அப்பாயி” என்று அவன் கேட்டதற்கு வந்த பதில் இது. இருவரின் சம்மதத்தோடும் எழுத்தாக்கியிருக்கிறேன். ஒரே பேச்சு திரும்ப வந்த இடங்களை மட்டும் விட்டுவிட்டேன்.

ஒவ்வொரு தேர்தல் முடிந்ததும் “காசு வாங்கிக்கிட்டுக் குத்திட்டாங்க” என்ற பேச்சு கிளம்புகிறது. படித்தவர்கள் நடுவே அது தீர்ப்பாகவே நிலைத்தும் விட்டது. இந்தப் பதிவைக் கேட்ட பிறகு அந்தப் பேச்சை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஐம்பது ஆண்டு ஆட்சிகளைத் தன் வீட்டு வாசலில் வைத்து எடைபோட்டிருக்கிறார் இந்த அம்மா. இனி ஒவ்வொரு பகுதியாகப் பார்ப்போம்.

“நீ சொல்றது நல்லாத்தான் இருக்கு ராசா. யாரு என்ன பேசுறாங்கங்கிறத நான் பாக்கல. யாரு வந்தப்ப எனக்கு என்ன நடந்துச்சு, அதத்தான் பாக்குறேன்.”

பதிவு முழுவதற்கும் இதுவே அளவுகோல். பின்னால் வரும் ஒவ்வொரு கட்சியையும் இதை வைத்துத்தான் அவர் அளக்கிறார். கொள்கை அவருக்குப் புரியாது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. கொள்கை தன் தெருவரை வந்து சேர்ந்ததா என்று கேட்கிறார்.

“கலைஞரு காலத்துலதான் மனைக்கட்டு எங்களுதுன்னு ஆச்சு. அதுக்கு முன்ன பண்ணையாரு போன்னா சட்டி பானையத் தூக்கிக்கிட்டுப் போவணும்.”

அவர் சொல்வது 1971-இல் வந்த குடியிருப்பு உரிமைச் சட்டத்தை. கீழத்தஞ்சையில் விவசாயக் கூலிகள் பெரும்பாலும் மிராசுதாரர் மனையில் குடிசை போட்டு வாழ்ந்தவர்கள். கூலி உயர்வு கேட்ட குடும்பம் மறுநாள் வீட்டையும் இழக்கும். அந்தப் பயத்தை வைத்தே பண்ணைகள் நடந்தன. 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். கூலியாகக் கொஞ்சம் நெல் கூடுதலாகக் கேட்டதும் சங்கத்தில் சேர்ந்து நின்றதும்தான் அவர்கள் செய்த குற்றம். அப்போது ஆட்சியில் இருந்ததும் திமுகதான். குற்றம்சாட்டப்பட்ட நில உடைமையாளர்கள் பின்னாளில் உயர் நீதிமன்றத்தில் விடுவிக்கப்பட்டார்கள். 1969-இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டமும், இரண்டு ஆண்டு கழித்துக் குடியிருப்புச் சட்டமும் வந்தன.

ஆக, ஒரே கட்சியின் கணக்கில் வெண்மணியும் இருக்கிறது, மனைப்பட்டாவும் இருக்கிறது. அப்பாயி மனைக்கட்டை மட்டும் சொல்கிறார். வெண்மணியை அவர் மறந்திருக்க வழியில்லை. அதற்கான கணக்கை அடுத்த பேச்சில் வேறு இடத்தில் வரவு வைக்கிறார்.

“கம்மூனிஸ்டுக்காரங்க இல்லன்னா எங்கப்பன் முதுவுல சாட்டையடி நின்னுருக்காது. அத மறக்கக் கூடாதுய்யா. ஆனா இப்ப அவங்க எங்க தெருவுக்கு வர்றது கொறஞ்சு போச்சு. இந்தத் தடவ எங்க மிஷின்ல சூரியனே இல்லியாம், கதிர் அருவாதானாம்.”

சவுக்கடியும் சாணிப்பாலும் இந்த மண்ணில் தண்டனைகளாக இருந்தவை. 1940-களில் கன்னட நாட்டிலிருந்து வந்த பி. சீனிவாசராவ், சேரிகளிலேயே தங்கிச் சங்கம் கட்டி அவற்றை ஒழித்தார். அவருடைய நினைவிடம் திருத்துறைப்பூண்டியில் இருக்கிறது. தலைமுறை தாண்டியும் அந்த நன்றி இங்கே ஓட்டாக விழுகிறது.

“வர்றது கொறஞ்சு போச்சு” என்பதையும் கவனிக்க வேண்டும். நடவு, அறுப்பு என்ற இரண்டு பருவங்களில்தான் கூலிக்காரர்கள் பேரம் பேச முடிந்தது. கதிர் முற்றி நிற்கும்போது ஆள் வேலைக்கு வராவிட்டால் உடைமையாளருக்கு நட்டம். அறுவடை இயந்திரம் வயலில் இறங்கிய நாளில் அந்தப் பலம் போனது. இளையவர்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போனார்கள், இந்தப் பேரனைப் போல. சங்கத்துக்கு ஆள் எங்கிருந்து வரும்? இதில் கட்சிக்காரர்களின் சோம்பல் பாதி என்றால், காலம் செய்தது பாதி.

கடைசி வாக்கியம் கூட்டணி அரசியலின் நடைமுறை. தனித் தொகுதியான திருத்துறைப்பூண்டியை திமுக அணி இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு ஒதுக்கியிருந்தது. உதயசூரியனைப் பிடித்தவரும் பிடிக்காதவரும் கதிர் அரிவாளை வைத்தே அந்த அணியைப் பற்றி முடிவெடுக்க வேண்டும். வேட்பாளர் க. மாரிமுத்து கூரை வீட்டில் வாழ்பவர் என்பது அப்போது மாநிலம் முழுதும் பேசப்பட்டது. அதிமுக வேட்பாளரைவிட ஏறத்தாழ 30 ஆயிரம் வாக்குகள் கூடுதலாகப் பெற்று அவர் வென்றார்.

“எலைக்கு எங்கம்மா கடைசி வரைக்கும் போட்டுச்சு. நானும் போட்டுருக்கேன். உங்கப்பன் பள்ளிக்கூடம் போனதே அந்தச் சோத்துக்காவத்தான். அந்தம்மா காலத்துல நாலு ஆடு குடுத்தாங்க. அது பெருகி, உங்க அத்தை பிரசவத்துக்கு வித்தது அந்தக் குட்டிங்களத்தான்.”

எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியது 1982-இல். மதிய உணவு காமராசர் காலத்திலேயே இருந்தது என்றாலும், அதை இவ்வளவு பெரிதாக விரித்தது அந்த ஆண்டுதான். ஆடு, 2011-இல் ஜெயலலிதா ஆட்சியில் கிராமத்து ஏழைப் பெண்களுக்குக் கொடுக்கப்பட்டது. வீட்டுக்கு நான்கு.

இந்த இரண்டையும் “இலவசத்துக்கு மயங்கினார்கள்” என்று பேசுகிறவர்கள் அந்தக் குட்டிகள் எங்கே போயின என்று பார்க்கட்டும். நிலமில்லாத ஒரு பெண்ணின் கைக்கு வந்த முதலீடு அது. வட்டிக்காரரிடம் போகாமல் ஒரு பிரசவம் நடந்திருக்கிறது. பெருந்தொழிலுக்கு நிலமும் மின்சாரமும் சலுகையில் கொடுத்தால் ஊக்கம் என்கிறோம், இவருக்கு நாலு ஆடு கொடுத்தால் மட்டும் மயக்கம் என்கிறோம். இது நியாயமில்லை.

“கஜாவுல கூர பறந்து தார்ப்பாய்க்குள்ள கெடந்தோம். வெளக்கு வர எத்தன நாளாச்சு! அப்ப யாரு வந்தா, யாரு வரலன்னு ஞாவகம் வச்சிருக்கேன். எலைக்காரங்க மேல எனக்கு அப்பதான் மனசு விட்டுப் போச்சு.”

பதிவிலேயே குரல் உயர்ந்த இடம் இது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் வரிசை வரிசையாக முறிந்தன. புயலுக்கு முன் மக்களை வெளியேற்றிய வேலையை அன்றைய அதிமுக அரசு நன்றாகவே செய்தது, எதிர்க்கட்சித் தலைவரே அதைப் பாராட்டினார். அதற்குப் பிறகுதான் தவறியது. சாலையோர ஊர்களைத் தாண்டி உள்ளே இருந்த கிராமங்களுக்கு நிவாரணம் போய்ச் சேரவில்லை. குடிநீர் கேட்டுப் பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். முதல்முறை ஹெலிகாப்டரில் கிளம்பிய முதலமைச்சர், வானிலை சரியில்லை என்று திருவாரூர், நாகை மாவட்டங்களுக்கு வராமல் திரும்பினார்.

சென்னையில் இருப்பவர்களுக்கு அது வானிலை அறிக்கை. தார்ப்பாய்க்கு அடியில் இருந்தவர்களுக்கு, வரவில்லை என்பதுதான் செய்தி. அம்மாவின் காலத்திலிருந்து இலைக்குப் போட்ட ஒரு குடும்பம் அந்த மாதத்தில் விலகியது. கருத்துக்கணிப்புக்காரர்கள் தேர்தலுக்கு முந்தைய மாதங்களில் வந்து மனநிலையைத் தேடுகிறார்கள். இந்த ஓட்டு தேர்தலுக்கு இரண்டரை ஆண்டு முன்பே இடம் மாறிவிட்டது.

“தாமரக்காரங்க இங்க நிக்கல. அடுப்பு குடுத்தாரு மோடி, இல்லங்கல. சிலிண்டர் எண்ணூறு ரூவாய்க்கு மேல விக்கிது, அடுப்பு மூலையில கெடக்கு. புயலுக்கும் வந்து எட்டிப் பாக்கல. வயல்ல பைப்பு போடுறேன்னு வேற நிக்கிறாங்க.”

மூன்று குற்றச்சாட்டு, ஒரு வரவு. வரவை முதலில் சொல்கிறார் என்பதைப் பாருங்கள். 2016-இல் தொடங்கிய உஜ்வாலா திட்டத்தில் எரிவாயு இணைப்பு அவருக்கும் கிடைத்திருக்கிறது. 2021 மார்ச்சில் சென்னையில் சிலிண்டர் விலை 835 ரூபாய். நூறு நாள் வேலையில் அப்போது ஒரு நாளுக்கு அரசு நிர்ணயித்த கூலி 256 ரூபாய், அதுவும் முழுதாகக் கைக்கு வரவில்லை. மூன்று நாள் உழைப்புக்கு மேல் ஒரு சிலிண்டருக்கே போனால் அடுப்பு மூலைக்குத்தான் போகும்.

கஜாவுக்கு மாநில அரசு கேட்டது சுமார் 15,000 கோடி ரூபாய். ஒன்றிய அரசு பேரிடர் நிதியிலிருந்து ஒப்புதல் அளித்தது 1,146 கோடி. “பைப்பு” என்றது ஹைட்ரோகார்பன் திட்டங்களை. 2020 ஜனவரியில் அந்த ஆய்வுக் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்று ஒன்றிய அரசு விதியைத் தளர்த்தியது. அடுத்த மாதமே தமிழ்நாடு அரசு காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் போட்டது. அதிமுகவுக்கு இந்த ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள இருந்த செயல் அது. ஆனால் அதே கட்சி அந்த ஆண்டு செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசின் வேளாண் சட்டங்களை ஆதரித்தது. இலையோடு கூட்டணி சேர்ந்த தாமரை இங்கே நிற்கவில்லை என்றாலும் அதன் மேலுள்ள கோபம் எங்கே போய் விழும் என்பதை இதிலிருந்து அறியலாம்.

“ஒருத்தர் மாசம் ஆயிரங்கிறாரு, இன்னொருத்தர் ஆயிரத்தஞ்ஞூறுங்கிறாரு. ஏலம் மாதிரில்ல கேக்குறாங்க. வாஷிங் மிஷினாம், வச்சா நாங்க எங்க படுக்குறது? பயிர்க்கடன் தள்ளுபடின்னாங்க, எனக்கு வயலு ஏது? எஞ் சங்கிலி சொசைட்டியில கெடக்கு. அதுக்கு யாரு வழி சொல்றாங்கன்னு பாக்குறேன்.”

இரண்டு பெரிய கட்சிகளின் தேர்தல் அறிக்கைகளும் இந்தச் சில வாக்கியங்களில் தரம் பிரிக்கப்பட்டுவிட்டன. குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று திமுக சொன்னதும், 1,500 என்று அதிமுக அறிவித்தது. கூடவே ஆண்டுக்கு ஆறு சிலிண்டர், வாஷிங் மெஷின். கூட்டித் தருகிறவர் பக்கம் ஓட்டு சாயும் என்று எண்ணினார்கள். அப்பாயிக்கு அந்தப் போட்டியே நம்பிக்கையைக் குறைத்தது.

பயிர்க்கடன் பேச்சுதான் என்னை வெகுநேரம் நிறுத்தி வைத்தது. 2021 பிப்ரவரியில் கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாயைத் தள்ளுபடி செய்வதாக அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். விவசாயிகளுக்கு அது பெரிய உதவி, அதை மறுக்க முடியாது. ஆனால் பயிர்க்கடன் வாங்கச் சாகுபடி நிலத்துக்குக் கணக்கு காட்ட வேண்டும். அந்த நிலத்தில் நாற்று நட்டவருக்குக் கடனும் இல்லை, தள்ளுபடியும் இல்லை. அரசாங்கம் விவசாயி என்று சொல்லும்போது அதில் தான் இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. அவரிடம் அடகு வைக்க இருந்தது கழுத்துச் சங்கிலி மட்டுமே.

கூட்டுறவு வங்கிகளில் ஐந்து பவுன் வரை அடகு வைத்த நகைக்கடன் தள்ளுபடி என்று திமுக வாக்குறுதி கொடுத்தது அவருடைய காதில் விழுந்திருக்கிறது. ஆட்சிக்கு வந்த பிறகு அதற்கு நிபந்தனைகள் போட்டு, தகுதியில்லை என்று மிகப் பலரைக் கழித்தார்கள். மாதம் 1,000 ரூபாயும் 2023 செப்டம்பர் 15 அன்றுதான் தொடங்கியது, அதுவும் எல்லாக் குடும்பத் தலைவிகளுக்கும் இல்லை. நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்ற உத்தரவில் மட்டும் பதவியேற்ற 2021 மே 7 அன்றே கையெழுத்தானது. சொன்னது எப்போது, எவ்வளவு, யாருக்குக் கிடைத்தது என்று அப்பாயி வைக்கும் கணக்கில் இவையும் ஏறியிருக்கும்.

“உங்காளு நல்லாப் பேசுறாரு. பொம்பளைங்களுக்குப் பாதி எடம் குடுத்துருக்காருன்னியே, அது பெருசுதான். ஆனா எங்கூலியப் பத்தி ஒரு வார்த்த அவரு பேசி நீ எனக்கு அனுப்பல. டார்ச்சு லைட்டும் குக்கரும் டிவியிலதான் பாத்தேன்.”

பேரனின் கட்சிக்குச் சேரவேண்டிய மதிப்பைக் கொடுத்துவிட்டே மறுக்கிறார். நாம் தமிழர் 234 தொகுதியிலும் தனித்து நின்று, அதில் 117 இடங்களைப் பெண்களுக்குக் கொடுத்தது. அந்தத் தேர்தலில் எல்லாக் கட்சியிலும் சேர்த்து வென்ற பெண்கள் 12 பேர்தான் என்பதை வைத்துப் பார்த்தால், பெரிய கட்சிகள் வெட்கப்பட வேண்டிய எண்ணிக்கை அது. மாநில அளவில் அக்கட்சி ஆறரை விழுக்காடு வாக்கு பெற்றது. வென்ற தொகுதி இல்லை. பேரன் அனுப்பிய காணொளிகள் எல்லாம் இனம், வரலாறு பற்றியவை. பாட்டி கேட்டது கூலியை. டார்ச் லைட், குக்கர் சின்னங்களில் நின்ற மற்ற இரு கட்சிகளை ஒரே மூச்சில் கடந்துவிட்டார், நாமும் கடப்போம்.

“காசு குடுத்தா வாங்குவேன். வேண்டாம்னா எதுத்த கட்சின்னு எழுதிக்குவாங்க. வாங்கிக்கிட்டு நான் நெனச்சதுக்குப் போடுவேன்.”

அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் 2016-இல் தேர்தல் தள்ளிவைக்கப்பட்டது பணப் பட்டுவாடாவால்தான். 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் ரத்தானதும் அதனால்தான். வாங்குவதும் கொடுப்பதைப் போலவே சட்டப்படி குற்றம். வாங்கக் கூடாது என்பதே என் கருத்து, அப்பாயியிடமும் சொன்னேன். ஆனால் “வேண்டாம்னா எழுதிக்குவாங்க” என்ற காரணத்துக்கு என்னிடம் பதில் இல்லை. பணத்தை ஆசையால் வாங்குவதாகத்தான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வாங்காவிட்டால் அடையாளம் தெரிந்துவிடும் என்று அஞ்சி வாங்குகிறவரை நேர்மைப் பிரசாரம் எப்படிக் காப்பாற்றும்?

“எங்க தெருவுல யாருக்கு எத்தன விழுந்துச்சுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுபோவுதுய்யா. போன எம்பி எலெச்சன் முடிஞ்சு ஒருத்தரு வந்து, ஒங்க பூத்துல எங்களுக்கு நாப்பதுகூட விழல, கொழா மட்டும் எப்புடி வரும்னு கேட்டாரு. அதனால யாருக்குப் போடுவன்னு நீகூடக் கேக்காத.”

யார் எந்தக் கட்சிக்குப் போட்டார் என்று தெரியாது. ஆனால் எந்த வாக்குச்சாவடியில் யாருக்கு எத்தனை என்பது எண்ணிக்கை முடிந்ததும் படிவம் 20-இல் அச்சாகி எல்லோருக்கும் கிடைக்கிறது. கிராமத்தில் ஊர்த்தெருவுக்கு ஒரு சாவடி, காலனிக்கு ஒரு சாவடி என்றால், காலனியின் ஓட்டு மொத்தமாக வெளியே தெரிந்துவிடும். தனி ஆளின் ரகசியம் காப்பாற்றப்படும் அதே நேரத்தில் தெருவின் ரகசியம் போய்விடுகிறது. 2021-இல் கொரோனா காரணமாக ஒரு சாவடிக்குச் சுமார் ஆயிரம் வாக்காளர் என்று குறைத்து, தமிழ்நாட்டில் சாவடிகளை 88,937 ஆக்கினார்கள். நோய்க்கு அது சரி. ஆனால் சாவடி சிறுக்கச் சிறுக்க ரகசியமும் மெலியும்.

வாக்குச்சீட்டு இருந்த காலத்தில், மிரட்டல் இருக்கும் என்று ஆணையம் கருதினால் பல சாவடிச் சீட்டுகளை ஒன்றாகக் கலந்து எண்ண விதியில் இடம் இருந்தது. இயந்திரம் வந்ததும் அது இல்லாமல் போனது. பல இயந்திரங்களின் வாக்குகளைச் சேர்த்து மொத்த எண்ணிக்கையை மட்டும் காட்டும் டோட்டலைசர் என்ற கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-லேயே பரிந்துரைத்தது. சட்ட ஆணையமும் 2015-இல் தன் 255-ஆவது அறிக்கையில் அதை ஆதரித்தது. ஒன்றிய அரசு ஏற்கவில்லை. எந்தத் தெரு தமக்குப் போட்டது, எது போடவில்லை என்று அறியும் வசதியைக் கைவிடக் கட்சிகளுக்கும் மனமில்லை.

எல்லாக் கட்சிகளைப் பற்றியும் மனம் திறந்து பேசிய அப்பாயி, சொந்தப் பேரனிடம்கூட முடிவை மறைத்தது இதனால்தான். 2021 ஏப்ரல் 6 அன்று யாருக்குப் போட்டார் என்று நானும் கேட்கவில்லை. அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு உங்கள் வாசலுக்கு வரும் வேட்பாளர் எந்தக் கட்சிக்காரரானாலும், சாவடி வாக்குகளைக் கலந்து எண்ணும் முறைக்கு உங்கள் கட்சி சம்மதிக்குமா என்று தயவுசெய்து கேளுங்கள்.